கம்ப்யூட்டரை டிவியில் இணைத்தால் திரை அளவு பொருந்தவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. மேல் மூலையில் இருக்கும் மூடும் பட்டனையும் காணோம். கம்ப்யூட்டரில் என்ன கோளாறு?

அநேகமாகக் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அது முழுப் படத்தையும் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. டிவிதான் வந்த படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல் (படத்தை உண்டாக்கும் நுண்புள்ளி) கொண்ட 1920×1080 படத்தில் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டரை சதவீதம் வெட்டுப்பட்டால், இடமும் வலமும் 48 பிக்சல் வீதமும், மேலும் கீழும் 27 பிக்சல் வீதமும் காணாமல் போகும். விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் உயரமே 40 பிக்சல்தான். அதில் 27 போனால் மிச்சம் என்ன இருக்கும்? ஐகான்களின் மேல் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். படம் பார்க்கும்போது இந்த இழப்பு யார் கண்ணிலும் படாது. கம்ப்யூட்டரில் மட்டும்தான் முக்கியமான பட்டன்கள் எல்லாம் ஓரத்திலேயே குடியிருக்கின்றன. அதனால்தான் அதே டிவியில் சேனல் பார்ப்பவர் குறை சொல்லமாட்டார், லேப்டாப்பைச் செருகியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தட்டையான டிவி எதற்காகப் படத்தை வெட்ட வேண்டும்?

பழைய படக்குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் ஒருபோதும் நேராக நிற்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் விரிந்து சுருங்கும். ஓரத்தில் கறுப்பு இடைவெளி தெரியாமல் இருக்க, படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தார்கள். ஒளிபரப்பாளர்களும் எழுத்துகளை ஓரத்தில் போடாமல் உள்ளே தள்ளிப் போட்டார்கள். சில ஒளிபரப்புகளில் மேல் விளிம்பில் தகவல் சிக்னல் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும். அதை மறைக்கவும் இது உதவியது.

எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் இந்தத் தேவை எதுவும் இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் நிலையான இடம் உண்டு. ஆனாலும் பல டிவிகள், கம்ப்யூட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் வழியே எது வந்தாலும் அது ஒளிபரப்புப் படம்தான் என்று நினைத்துக்கொண்டு பழைய பழக்கத்தையே தொடர்கின்றன.

சரி, முதலில் எங்கே கை வைப்பது?

டிவி ரிமோட்டில். டிரைவரை, அதாவது கம்ப்யூட்டரில் திரைக்கான படத்தைக் கையாளும் மென்பொருளை, மாற்றுவது, கேபிள் வாங்குவது எல்லாம் அப்புறம். பிரச்சினையை உண்டாக்குவது டிவி என்றால், அதை அங்கேயே நிறுத்துவதுதான் நல்லது.

படம் தொடர்பான மெனுவில் 'பிக்சர் சைஸ்', 'ஆஸ்பெக்ட் ரேஷியோ', 'ஸ்கிரீன்' போன்ற ஒரு பகுதி இருக்கும். அதற்குள் தேட வேண்டிய பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங் டிவிகளில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', பழைய மாடல்களில் 'ஸ்கிரீன் ஃபிட்'. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்'. சோனியில் 'டிஸ்பிளே ஏரியா' என்ற இடத்துக்குள் 'ஃபுல் பிக்சல்'. ஷார்ப்பில் 'டாட் பை டாட்', பிலிப்ஸில் 'அன்ஸ்கேல்டு'. வேறு பல டிவிகளில் நேராகவே 'ஓவர்ஸ்கேன்' என்று போட்டிருக்கும். அதை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பெயர் எதுவானாலும் செய்வது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் அனுப்பும் ஒரு பிக்சலைத் திரையின் ஒரு பிக்சலில் அப்படியே வைப்பது.

வெறும் '16:9' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரியாகவில்லையே என்று பலர் நின்றுவிடுவார்கள். பல டிவிகளில் '16:9' என்பதே வெட்டும் நிலைதான். இன்னும் கீழே போய்ப் பாருங்கள்.

அந்த ஆப்ஷன் மெனுவில் மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை.

சில டிவிகளில், குறிப்பாகப் பழைய மாடல்களில், 720 அல்லது 1080 வரிகள் கொண்ட வழக்கமான எச்டி சிக்னல் வந்தால்தான் அது திறக்கும். லேப்டாப் 1366×768 போன்ற ஓர் அளவை அனுப்பிக்கொண்டிருந்தால் மங்கியே இருக்கும். கம்ப்யூட்டரில் ரெசல்யூஷனை (படத்தின் பிக்சல் அளவை) 1920×1080 ஆக்கிவிட்டு மறுபடி மெனுவுக்கு வாருங்கள். சில டிவிகளில் 'சினிமா', 'ஸ்டாண்டர்டு' போன்ற பட நிலையை மாற்றினால்தான் வழிவிடும்.

இன்னொன்று. இந்த அமைப்பைப் பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். முதல் துளையில் சரிசெய்துவிட்டு, அடுத்த நாள் கேபிளை இரண்டாவது துளையில் செருகினால் பழைய கதைதான்.

டிவியின் இன்புட்டுக்குப் 'பிசி' என்று பெயர் வைக்கச் சொல்கிறார்களே, பெயர் மாற்றினால் என்ன ஆகிவிடும்?

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சாம்சங், எல்ஜி உள்ளிட்ட பல டிவிகளில் இது உண்மையிலேயே வேலை செய்யும். இன்புட் பட்டியலில் அந்தத் துளையைத் தேர்ந்தெடுத்து, திருத்தும் இடத்துக்குப் போய், பெயரை அல்லது ஐகானைப் 'பிசி' என்று மாற்றுங்கள். உடனே டிவி அதைக் கம்ப்யூட்டர் என்று ஏற்றுக்கொண்டு ஓவர்ஸ்கேனை விடும். படத்தை அழகுபடுத்தும் வேலைகளையும் குறைத்துக்கொள்ளும். எழுத்து தெளிவாகும், மவுஸ் பின்தங்குவதும் குறையும். 'என் லேப்டாப்' என்று நாமாக ஒரு பெயரைத் தட்டினால் பலன் இல்லை. பட்டியலில் உள்ள 'பிசி' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிவியில் அப்படி எதுவுமே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் சரிசெய்ய முடியாதா?

முடியும். ஆனால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காரணம் இதுதான்: கிராபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டரில் திரைக்குப் படத்தை அனுப்பும் பாகம், படத்தை முன்கூட்டியே சுருக்கி, சுற்றிலும் கறுப்பு விளிம்பு சேர்த்து அனுப்பும். டிவி அதை மறுபடி பெரிதாக்கும்போது கறுப்பு விளிம்பு வெளியே போய், படம் சட்டத்துக்குள் பொருந்தும். பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் ஒரே படம் ஒரு முறை சுருங்கி, ஒரு முறை விரிந்து வந்திருக்கிறது. சின்ன எழுத்துகள் இதைத் தாங்காது, மங்கிப்போகும். படம் பார்க்க மட்டும்தான் என்றால் பரவாயில்லை.

என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் 'அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்டு பொசிஷன்' பகுதிக்குள் 'சைஸ்' என்ற தாவலைப் பாருங்கள். அதற்கு முன்னால், அதே பேனலில் ரெசல்யூஷன் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கே அளவுகள் இரண்டு கூட்டமாக இருக்கும்: மேலே 'அல்ட்ரா எச்டி, எச்டி, எஸ்டி', கீழே 'பிசி'. 1920×1080 இரண்டிலும் இருந்தால் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சில டிவிகள் அந்த ஒரு மாற்றத்திலேயே வழிக்கு வந்துவிடும்.

ஏஎம்டி என்றால் அட்ரினலின் மென்பொருளில் 'டிஸ்பிளே' பகுதிக்குள் 'எச்டிஎம்ஐ ஸ்கேலிங்' என்று ஒரு நகர்த்தி (இழுத்து அளவை மாற்றும் பட்டை) இருக்கும். இன்டெல் என்றால் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் 'ஸ்கேல்' என்பதில் 'கஸ்டம்'. மேக்கில் 'டிஸ்பிளேஸ்' அமைப்பில் டிவியைத் தேர்ந்தெடுத்தால், பொருத்தமான டிவியாக இருந்தால், 'அண்டர்ஸ்கேன்' நகர்த்தி தானே தோன்றும். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு 'அட்ஜஸ்ட் ஃபார் டிவி' என்ற சுவிட்ச் உண்டு.

எனக்கு நேர்மாறு. படம் சிறுத்து, நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டதுபோல் இருக்கிறது.

மேலே சொன்ன அதே சுருக்கல், தேவையில்லாத இடத்தில் நடக்கிறது. டிவி வெட்டாமல் காட்டுகிறது. கிராபிக்ஸ் டிரைவரோ, வெட்டும் என்று தானாக முடிவுகட்டிப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஏஎம்டி கார்டுகளில், முக்கியமாகப் பழைய டிரைவர்களில், எச்டிஎம்ஐ இணைத்ததும் இப்படி ஆவது சகஜம். அந்த ஸ்கேலிங் நகர்த்தியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் படம் விளிம்புவரை விரியும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதன் டிஸ்பிளே அமைப்பில் ஓவர்ஸ்கேன் ஈடுசெய்யும் ஆப்ஷனை அணைக்க வேண்டும்.

இரண்டு பக்கம் மட்டும் கறுப்புப் பட்டை. அல்லது முகமெல்லாம் அகலமாகத் தெரிகிறது.

இது ஓவர்ஸ்கேன் அல்ல, விகிதப் பொருத்தம் இல்லாத கோளாறு. இப்போதைய டிவிகள் 16:9. லேப்டாப்களில் 16:10-உம் நிறைய. 1920×1200 போன்றவை அந்த வகை. லேப்டாப்பின் அளவை அப்படியே டிவிக்கு அனுப்பினால், விகிதத்தைக் காப்பாற்ற இருபக்கமும் கறுப்பு விட வேண்டும், அல்லது இழுத்து நிரப்ப வேண்டும். இழுத்தால் வட்டம் முட்டையாகும்.

டிவிக்கு அதன் சொந்த ரெசல்யூஷனைக் கொடுப்பதே தீர்வு. அதைத் தடுப்பது பெரும்பாலும் 'டூப்ளிகேட்' நிலைதான். இரண்டு திரையிலும் ஒரே படம் ஓட வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றதற்குப் பொருந்தாது. விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். அதில் 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' அல்லது 'எக்ஸ்டெண்ட்' எடுங்கள். டிவியில் மட்டும் பார்ப்பதாக இருந்தால் 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி'யே நிம்மதி. லேப்டாப்பை மூடிவைத்தே பார்க்க வேண்டுமானால், பவர் அமைப்பில் மூடியைச் சாத்தினால் 'டூ நத்திங்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரெசல்யூஷன் வைப்பது?

டிவி பேனலின் சொந்த அளவு எதுவோ அது. ஃபுல் எச்டி என்றால் 1920×1080, 4கே என்றால் 3840×2160. விண்டோஸ் அமைப்பில் 'ரெகமண்டடு' என்று காட்டுவது பெரும்பாலும் இதுதான். ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். டிவி தன்னைப் பற்றி எச்டிஎம்ஐ வழியே அனுப்பும் சிறு குறிப்பைப் பார்த்துத்தான் விண்டோஸ் சொல்கிறது, அந்தக் குறிப்பே சில டிவிகளில் தப்பாக இருக்கும்.

சிக்கல் பிடித்த ஜாதி ஒன்று உண்டு: 'எச்டி ரெடி' என்று விற்ற சின்ன டிவிகள். இவற்றின் பேனல் பெரும்பாலும் 1366×768. ஆனால் எச்டிஎம்ஐயில் 1280×720, 1920×1080 என்ற வழக்கமான அளவுகளைத்தான் கேட்கும். எதைக் கொடுத்தாலும் டிவி அதை 768 வரிகளுக்கு நீட்டவோ சுருக்கவோ செய்யும், எழுத்து ஒழுங்காக வராது. ரெசல்யூஷன் பட்டியலில் 1366×768 அல்லது 1360×768 இருந்தால் அதுதான் உங்களுக்கு. 1366 எட்டால் வகுபடாது என்பதால் பல டிரைவர்கள் 1360 என்றே காட்டும். ஆறு பிக்சல் வித்தியாசம் தெரியாது. டிவியில் விஜிஏ துளை (பழைய மானிட்டர் கேபிளுக்கான துளை) இருந்தால் அதில் இணைத்துப் பார்ப்பதும் நல்ல யோசனை. அது கம்ப்யூட்டருக்கென்றே வைத்த துளை என்பதால் அங்கே பெரும்பாலும் ஓவர்ஸ்கேன் இருக்காது. படம் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றால் மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' கொடுங்கள்.

4கே டிவியில் எல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது. ரெசல்யூஷனைக் குறைக்கலாமா?

ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். மாற்ற வேண்டியது ஸ்கேல், அதாவது எழுத்தும் ஐகானும் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அளவு. 4கே டிவியைக் கண்டால் விண்டோஸ் அடிக்கடி 300 சதவீதம் என்று வைத்துவிடும். தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ற கணக்கு அது. 3840-ஐ மூன்றால் வகுத்தால் 1280. அதாவது 1280×720 திரையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் இடம் கிடைக்கும். 200 சதவீதம் வைத்தால் ஃபுல் எச்டி அளவுக்கு இடம், எழுத்தின் கூர்மையோ 4கே. பெரும்பாலானவர்களுக்கு 150-க்கும் 200-க்கும் நடுவே எங்கேயாவது பிடித்துப்போகும். மாற்றியபின் சில மென்பொருள்கள் மங்கலாகத் தெரிந்தால் ஒருமுறை சைன் அவுட் செய்துவிட்டு உள்ளே வாருங்கள்.

பட்டியலில் 4கே-வே வரவில்லை. வந்தாலும் 30 ஹெர்ட்ஸ்தான் காட்டுகிறது.

இங்கேதான் கேபிள், துளை, அடாப்டர் எல்லாவற்றுக்கும் வேலை. எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே வினாடிக்கு 30 படம்வரைதான். 60 வேண்டுமானால் 2.0, அதாவது வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் வழி வேண்டும். கம்ப்யூட்டர், கேபிள், டிவித் துளை மூன்றும் தாங்க வேண்டும்; ஒன்று பின்தங்கினாலும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதிப்பதற்கு ஒருமுறை அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? டிவியிலேயே அந்தத் துளைக்கு முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டியிருக்கும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்டை 'என்ஹான்ஸ்டு' ஆக்குவது.

கேபிளை மாற்றினால் ஓரம் வெட்டுப்படுவது சரியாகுமா?

ஆகாது. எச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல். கேபிள் கெட்டுப்போனால் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. ஓரத்தை மட்டும் அளவாக வெட்டும் கேபிள் கிடையாது. இதற்காக விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஓரம் எல்லாம் பொருந்திவிட்டது. ஆனாலும் எழுத்து மங்கல், சிவப்பு எழுத்து கசிந்ததுபோல் இருக்கிறது.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஷார்ப்னஸ். டிவிகளில் இதைக் கூட்டியே வைத்திருப்பார்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம்போலத் தெரிந்தால் இதுதான். பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே வந்து வட்டம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டாவது, நிறத்தகவலைக் குறைப்பது. இடம் மிச்சம் பிடிக்க, பக்கத்துப் பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத்தை வைப்பார்கள். வீடியோவில் தெரியாது, கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து என்றால் உடனே கசியும். இன்புட்டைப் 'பிசி' ஆக்குவதும், கிராபிக்ஸ் அமைப்பில் நிறத்தகவலைக் குறைக்காத ஆர்ஜிபி அல்லது 4:4:4 தேர்ந்தெடுப்பதும் மருந்து.

மூன்றாவது, எங்கோ இன்னும் ஸ்கேலிங் நடக்கிறது. விண்டோஸில் 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பக்கத்தைத் திறந்தால் டெஸ்க்டாப் அளவும், உண்மையில் வெளியே போகும் 'ஆக்டிவ் சிக்னல்' அளவும் அருகருகே இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

பிக்சலுக்குப் பிக்சல் பொருந்திவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

பெயிண்ட் போன்ற ஏதாவது ஒன்றில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகைபோல ஒரு படம் செய்து, டிவியின் சொந்த அளவில் முழுத்திரையில் காட்டுங்கள். தள்ளி நின்று பார்க்கும்போது ஒரே சீரான சாம்பலாக இருந்தால் பொருந்திவிட்டது. அலை அலையாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால், யாரோ ஒருவர் இன்னும் படத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தைப் பார்க்க இன்னும் சுலபம்: பிரவுசரைப் பெரிதாக்கி, மேல் வலது மூலையும் கீழ் வலது மூலைக் கடிகாரமும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ரெசல்யூஷன் மாற்றியதும் டிவி 'சப்போர்ட் இல்லை' என்று கறுத்துவிட்டது.

எதையும் தொடாமல் காத்திருங்கள். விண்டோஸ் 15 வினாடி பார்த்துவிட்டு, நீங்கள் ஒப்புதல் தராவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சில நாள் மட்டும் 1024×768-இல் வருகிறது.

டிவி அணைந்திருக்கும்போது கம்ப்யூட்டர் எழுந்தால், டிவி தன்னைப் பற்றி அனுப்ப வேண்டிய அந்தக் குறிப்பு கிடைக்காமல் ஏதோ ஒரு பாதுகாப்பான அளவுக்குப் போய்விடலாம். முதலில் டிவியை ஆன் செய்து, சரியான இன்புட்டில் வைத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரை எழுப்புங்கள்.

சினிமா ஓடும்போது மட்டும் மேலும் கீழும் கறுப்பு.

கோளாறு இல்லை. அகலத்திரைப் படங்கள் பல 2.39:1 விகிதத்தில் எடுக்கப்படுகின்றன. 1920 பிக்சல் அகலத்துக்கு உயரம் ஏறத்தாழ 803 வரிதான் வரும். மிச்சத்தைக் கறுப்பால்தான் நிரப்ப வேண்டும். ஜூம் செய்தால் கறுப்பு போகும், கூடவே இரண்டு பக்கத்திலும் நிற்கும் ஆட்களும் போவார்கள்.

டெஸ்க்டாப் சரியாக இருக்கிறது, கேம் திறந்தால் மட்டும் அளவு மாறுகிறது.

கேம் தனக்கென்று ஒரு ரெசல்யூஷன் வைத்திருக்கும். அதன் அமைப்பில் டிவியின் சொந்த அளவையே கொடுங்கள், அல்லது 'பார்டர்லெஸ்' நிலையில் ஓட்டுங்கள். 4கே இழுக்க முடியாத கார்டு என்றால் டெஸ்க்டாப்பை 4கே-இலேயே விட்டுவிட்டு, கேமுக்குள் மட்டும் ரெண்டர் அளவை (கேம் தன் படத்தை வரையும் அளவை) குறைக்கலாம்.

திறந்த ஜன்னல் ஒன்று டிவிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. டிவி இப்போது அணைந்திருக்கிறது.

டாஸ்க்பாரில் அந்த மென்பொருளை ஒருமுறை தட்டிவிட்டு, விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஜன்னல் அடுத்த திரைக்குத் தாவி வந்துவிடும். வரவில்லை என்றால் விண்டோஸ் கீயும் பி-யும் அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்று மாற்றினால் எல்லாமே லேப்டாப் திரைக்குத் திரும்பும்.